ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஆர் மென்பொருளுக்குத் தெரியவில்லை: பாத், ஸ்டார்ட்அப் ஃபைல், செட்டிங்ஸ் பற்றிப் புதியவர்களுக்கு

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளகோடு, மயிலாடி, கொட்டாரம் என்று ஊர்வாரியாக மில்லிமீட்டரில் வரும் குமரி மாவட்ட மழைக் கணக்கைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால், புள்ளியியல் ப்ராஜெக்ட்டுக்கு இது அருமையான தரவு. எக்செல்லில் அடித்து, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை ஃபைல்) சேமித்து, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் திறக்கப் போனால் முதல் வரியிலேயே சிவப்பு எழுத்து வந்து நிற்கும்: அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை. ஃபைல் என்னவோ டெஸ்க்டாப்பில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் பலர் ஆரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அதில் பயன் இல்லை. உங்கள் செட்டிங்ஸ், நீங்கள் இறக்கிய பேக்கேஜ்கள் (கூடுதல் கட்டளைத் தொகுப்புகள்), பழைய தரவு எல்லாம் உங்கள் யூசர் ஃபோல்டரில் கிடக்கின்றன. அன்இன்ஸ்டால் செய்தால் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் உள்ளதுதான் போகும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், புது ஆர் வந்து அதையே மறுபடி படிக்கும். ஆர் எங்கே தேடுகிறது, எதைப் படித்துவிட்டுத் தொடங்குகிறது என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். புள்ளியும் அடைப்புக்குறியும் இங்கே இருக்கிறபடியே வரும். ஆருக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. வேறு மாதிரி சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து. விளக்கம் விண்டோஸை வைத்துத்தான், லினக்ஸ் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

முதலில் ஆர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஆர் ஓடும்போது ஏதாவது ஒரு ஃபோல்டரில் நின்றுகொண்டிருக்கும். அதற்கு வொர்க்கிங் டைரக்டரி என்று பெயர். வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால் அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் பார்க்கும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களிலோ டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ போய்த் தேடாது.

1. கன்சோலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ‘கெட்டபிள்யூடி()’ என்று தட்டுங்கள். கெட் என்ற சொல், பிறகு டபிள்யூ, டி என்ற இரண்டு எழுத்து, இடைவெளி இல்லாமல். நிற்கும் இடத்தின் முழு முகவரி (பாத்) வரும்.

2. ‘லிஸ்ட்.ஃபைல்ஸ்()’ தட்டுங்கள். அந்த ஃபோல்டரில் ஆரின் கண்ணுக்குத் தெரியும் ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வரும். உங்கள் ஃபைல் அதில் இல்லையென்றால் கட்டளையில் பிழை தேட வேண்டாம், ஆர் நிற்கும் இடம்தான் தவறு.

3. ஃபைல் இருக்கிறது, ஆனால் பெயர் சற்று வேறாகத் தெரிகிறதா? விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும். நீங்கள் கையால் ‘.சிஎஸ்வி’ சேர்த்திருந்தால் உண்மையான பெயர் ‘மழை.சிஎஸ்வி.சிஎஸ்வி’ என்றோ ‘மழை.சிஎஸ்வி.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்றோ இருக்கலாம். இரண்டாவது முறை டவுன்லோட் செய்ததென்றால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் (1) சேர்த்திருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை இப்போதே டிக் செய்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

4. எதுவும் பிடிபடவில்லையென்றால் ‘ஃபைல்.சூஸ்()’ தட்டுங்கள். வழக்கமான ஃபைல் திறக்கும் ஜன்னல் வரும். ஃபைலைக் காட்டினால் அதன் உண்மையான முழு முகவரி கன்சோலில் வரும். கண்டுபிடிக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நிரலுக்குள் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஜன்னல் திறந்து கையால் காட்ட வேண்டிவரும்.

‘நேற்று ஓடிற்றே, இன்று ஏன் ஓடவில்லை?’ என்ற கேள்விக்கும் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஆர்ஸ்டூடியோ (ஆரில் நிரல் எழுதி ஓட்ட உதவும் மென்பொருள்) மூடியிருக்கும்போது நிரல் ஃபைலை டபுள் க்ளிக் செய்தால், அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரே வொர்க்கிங் டைரக்டரி ஆகிவிடும். ஆர்ஸ்டூடியோ ஏற்கெனவே திறந்திருந்தால் ஃபைல் திறக்குமே தவிர, நிற்கும் இடம் மாறாது. ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால், நீங்கள் எதுவும் மாற்றியிராதவரை, டாக்குமெண்ட்ஸில் நிற்கும். ஒரே நிரல், ஒரே ஃபைல். திறந்த விதம் வேறு. ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் அதற்குள்ளேயே டபுள் க்ளிக் செய்வது இன்னொரு கோளாறு. விண்டோஸ் அந்த நிரலை மட்டும் டெம்ப் ஃபோல்டரில் பிரித்துத் திறக்கும், தரவு ஃபைல் கூடவே வராது.

வேறு ஒரு பிழையும் இதோடு குழம்புகிறது. ஃபைல் இல்லை என்பதற்குப் பதில் பர்மிஷன் டினைட் என்று வந்தால், பெரும்பாலும் முகவரி சரிதான். ஆர் எழுதப் போகும் சிஎஸ்வி எக்செல்லில் திறந்திருக்கும். எக்செல்லை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

முகவரியை எழுதும் விதம்

எக்ஸ்ப்ளோரரிலிருந்து முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அதில் பின்சாய்கோடு ‘\’ இருக்கும். மேற்கோளுக்குள் பின்சாய்கோடு வந்தால் ஆருக்கு அது ஃபோல்டர் பிரிப்பு அல்ல. அடுத்த எழுத்தோடு சேர்த்து ஒரு சிறப்புக் குறியாகப் படிக்கும். நம் தாலுகாக்கள், நாகர்கோவில் ஆகியவற்றின் பெயரில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், டி டிரைவில் ஃபோல்டர் வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘\கல்குளம்’ என்று எழுதினால் ஆர் உடனே நிறுத்திவிடும். பின்சாய்கோட்டுக்குப் பின் ‘கே’ வருவது அதற்குத் தெரியாத குறி. இது நல்ல பிழை, எங்கே தவறு என்று சொல்லிவிடுகிறது. ‘\தோவாளை’, ‘\திருவட்டாறு’ என்று எழுதினால் நிறுத்தாது. ஆங்கில ‘டி’ எழுத்தோடு சேர்ந்து அது டேப் இடைவெளி ஆகிவிடும். ‘\நாகர்கோவில்’ என்றால் புது வரி. ‘\விளவங்கோடு’ என்றால் செங்குத்து டேப், ‘\அகஸ்தீஸ்வரம்’ என்றால் மணியொலிக் குறி. சத்தமில்லாமல் முகவரி சிதைந்துபோய், கடைசியில் ஃபைல் இல்லை என்ற பிழை மட்டும் வரும். சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டர் இன்னும் பிரபலம்: பின்சாய்கோட்டுக்குப் பின் பெரிய ‘யூ’ வந்தால் யூனிகோடு எண் தொடரும் என்று எதிர்பார்த்து, பதினாறெண் இலக்கங்களைக் காணோம் என்று திட்டும்.

மாற்று மூன்று உண்டு. எல்லாவற்றையும் முன்சாய்கோடாக ‘/’ மாற்றுங்கள், விண்டோஸிலும் ஆர் அதை ஏற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டாக ‘\\’ எழுதுங்கள். ஆர் 4.0.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மேற்கோளுக்கு முன்னால் சிறிய ‘ஆர்’ எழுத்தைப் போட்டு, மேற்கோளுக்குள் அடைப்புக்குறியிட்டு, நகலெடுத்ததை அப்படியே ஒட்டலாம். நாங்கள் முதல் வழியைத்தான் சொல்வோம். லினக்ஸிலும் மேக்கிலும் முன்சாய்கோடுதான்.

ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர் கூடாது என்றில்லை. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், ஆர் 4.2.0 முதல், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறை இயல்பாகவே வந்துவிட்டது. ஆனால் கல்லூரி லேபில் அதற்கு முந்தைய ஆர் இருந்தால் தமிழ்ப் பெயர் மாட்டிக்கொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். வீட்டு விண்டோஸில் ஓடியது லேப் லினக்ஸில் நின்றுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

செட்டபிள்யூடி வேண்டாம், ப்ராஜெக்ட் வையுங்கள்

நிற்கும் இடத்தை மாற்ற, ‘செட்டபிள்யூடி()’ என்று நிரலின் முதல் வரியில் முழு முகவரியை எழுதும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அந்த முகவரி உங்கள் கணினியில் மட்டும்தான் உண்மை. பென்டிரைவில் கொண்டுபோனால் ஒரு கணினியில் இ டிரைவாக இருந்தது இன்னொன்றில் எஃப் ஆகிவிடும். கைடு தன் லேப்டாப்பில் திறந்தால் முதல் வரியிலேயே நிற்கும்.

ஆர்ஸ்டூடியோவில் ஃபைல் மெனு, நியூ ப்ராஜெக்ட், நியூ டைரக்டரி என்று போய் ஒரு ஃபோல்டர் தொடங்குங்கள். உள்ளே ‘.ஆர்ப்ராஜ்’ என்று முடியும் ஒரு சிறு ஃபைல் உருவாகும். இனிமேல் நிரல் ஃபைலை அல்ல, இந்த ஃபைலை டபுள் க்ளிக் செய்து வேலையைத் தொடங்குங்கள். எந்தக் கணினியில், எந்த டிரைவில் திறந்தாலும் வொர்க்கிங் டைரக்டரி அந்த ஃபோல்டராகவே இருக்கும். உள்ளே ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டர் செய்து மழைத் தரவைப் போட்டால், நிரலில் ‘டேட்டா/மழை.சிஎஸ்வி’ என்று எழுதினால் போதும். ஃபோல்டரை முழுதாகப் பென்டிரைவில் நகலெடுங்கள், முகவரியில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்காது.

இதைச் சரியாகச் செய்தவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. ஆர் மார்க்டவுன் அறிக்கையை (எழுத்தும் நிரலும் கலந்த ஃபைல்) நிட் செய்யும்போது, அதாவது முழு அறிக்கையாக மாற்றும்போது, வொர்க்கிங் டைரக்டரி ப்ராஜெக்ட் ஃபோல்டர் அல்ல. அறிக்கை ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதுதான். அறிக்கையை ‘ரிப்போர்ட்’ என்ற உள் ஃபோல்டரில் வைத்திருந்தால், கன்சோலில் வரிவரியாக ஓட்டும்போது ஓடும், நிட் அழுத்தினால் ஃபைல் இல்லை என்று நிற்கும். நிட் பட்டனின் பக்கத்து அம்பை அழுத்தி, நிட் டைரக்டரியில் ப்ராஜெக்ட் டைரக்டரியைத் தேர்ந்தெடுங்கள். அல்லது ‘ஹியர்’ என்ற பேக்கேஜை இறக்கி, ‘ஹியர்("டேட்டா", "மழை.சிஎஸ்வி")’ என்று எழுதுங்கள். எங்கிருந்து ஓட்டினாலும் அது ப்ராஜெக்ட் ஃபோல்டரிலிருந்தே கணக்கிடும். அடுத்தவருக்கு அனுப்பப் போகும் வேலை என்றால் இரண்டாவதுதான் நம்பகமானது, பட்டன் தேர்வு உங்களோடு கூட வராது.

ஆரின் வீடு எது?

முகவரியில் ‘~’ என்ற அலைக்கோடு வந்தால் உங்கள் ஹோம் ஃபோல்டர் என்று பொருள். லினக்ஸில் இது உங்கள் பெயரில் இருக்கும் ஹோம். விண்டோஸில் ஆர் இதை வழக்கமாக டாக்குமெண்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ‘பாத்.எக்ஸ்பேண்ட்("~")’ தட்டி உங்கள் கணினியில் எதுவென்று பார்த்துவிடுங்கள்.

ஒன்டிரைவ் பேக்கப்பை ஆன் செய்திருந்தால் டாக்குமெண்ட்ஸே ஒன்டிரைவுக்குள் போய்விடும், அலைக்கோடும் அங்கே நகரும். பழைய டாக்குமெண்ட்ஸில் ஏதாவது செட்டிங்ஸ் ஃபைல் மிஞ்சியிருந்தால் ஆர் இனி அதைப் படிக்காது. ‘நான் எதையும் மாற்றவில்லை, செட்டிங்ஸ் மட்டும் காணோம்’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தொடங்கும்போது ஆர் படிப்பவை

ஆர் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரிசையில் சில ஃபைல்களைப் படிக்கிறது. முதலில் கணினி முழுமைக்குமான என்விரான்மெண்ட் ஃபைல், இருந்தால். அடுத்து உங்கள் ‘.ஆர்என்விரான்’. பிறகு கணினி முழுமைக்குமான ப்ரொஃபைல், அதன்பின் உங்கள் ‘.ஆர்ப்ரொஃபைல்’. கடைசியாக, நிற்கும் ஃபோல்டரில் ‘.ஆர்டேட்டா’ இருந்தால் அதையும் ஏற்றிக்கொள்ளும். மூன்று பெயரிலும் புள்ளிக்கு அடுத்த ‘ஆர்’ பெரிய எழுத்து. கடைசிப் பெயரில் டேட்டாவின் முதல் எழுத்தும் பெரியது.

‘.ஆர்என்விரான்’ வெறும் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வரிகள் கொண்டது. ஆர் கட்டளை எதையும் இதில் எழுதக்கூடாது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் பதிவுசெய்து வாங்கும் ஏபிஐ கீ (நிரல் வழியே தரவு எடுக்கத் தரும் சாவி எண்) போன்ற ரகசியங்களுக்கு இதுதான் இடம். நிரலில் ‘சிஸ்.கெட்என்வ்()’ மூலம் (முதல் எழுத்து மட்டும் பெரியது) எடுத்துக்கொள்ளலாம், அப்போது நிரலை யாருக்கு அனுப்பினாலும் கீ போகாது. இந்த ஃபைலில் முகவரி எழுதினால் முன்சாய்கோடு மட்டுமே போடுங்கள். ‘.ஆர்ப்ரொஃபைல்’ அப்படியல்ல, அது முழு ஆர் நிரல், தொடங்கும்போது ஒருமுறை ஓடும்.

இரண்டுக்கும் ஒரு விதி உண்டு, நிறைய குழப்பம் அதனால்தான். நிற்கும் ஃபோல்டரில் அந்த ஃபைல் இருந்தால் அதை மட்டும் படிக்கும், ஹோமில் இருப்பதைத் தொடாது. இரண்டையும் சேர்த்துப் படிக்காது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி லைப்ரரி வைக்கும் ‘ஆர்என்வ்’ பேக்கேஜ் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டில் அது தனக்கென ஒரு ‘.ஆர்ப்ரொஃபைல்’ வைத்துவிடும். அந்த ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது மட்டும் உங்கள் செட்டிங்ஸ் வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான். வேண்டுமென்றால் ப்ராஜெக்ட்டின் ஃபைலில் ‘சோர்ஸ்("~/.ஆர்ப்ரொஃபைல்")’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

இந்த ஃபைல்களை நோட்பேடில் உருவாக்காதீர்கள். நோட்பேட் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிவிடும், விண்டோஸ் அதை மறைத்துவிடும், ஆர் கண்டுகொள்ளாது. கன்சோலில் ‘ஃபைல்.எடிட்("~/.ஆர்ப்ரொஃபைல்")’ தட்டினால் சரியான பெயரில், சரியான இடத்தில் ஃபைல் திறக்கும். கடைசி வரியை எழுதியபின் ஒருமுறை என்டர் அழுத்திச் சேமியுங்கள். அந்தப் புது வரி இல்லையென்றால் கடைசி வரியை ஆர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். ஒரே ஒரு வரி எழுதிப் பார்க்கும் புதியவருக்கு அந்த ஒரு வரிதான் கடைசி வரி! சேமித்தபின் செஷனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆர்ஸ்டூடியோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு சோதிக்க, ‘லிஸ்ட்.ஃபைல்ஸ்()’ புள்ளியில் தொடங்கும் ஃபைல்களைக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். ‘ஆல்.ஃபைல்ஸ் = ட்ரூ’ என்று உள்ளே சேர்த்தால்தான் தெரியும், ட்ரூ முழுவதும் பெரிய எழுத்தில்.

ப்ரொஃபைலில் எதை வைக்கலாம்? பேக்கேஜ் இறக்கும் சிரான் தளத்தின் மிரர் (நகல் தளம்), கன்சோலின் தோற்றம் போன்றவை சரி. கணக்கின் விடையை மாற்றக்கூடிய எதுவும் கூடாது. பேக்கேஜ்களை ஏற்றும் ‘லைப்ரரி()’ வரிகளும் கூடாது. அவை நிரலில் இல்லாமல் உங்கள் ப்ரொஃபைலில் ஒளிந்திருந்தால் உங்களிடம் ஓடும் நிரல் கைடிடம் ஓடாது, ஏன் என்று இருவருக்கும் புரியாது. ‘ஆப்ஷன்ஸ்()’ மூலம் கன்சோலில் மாற்றியவை அந்த செஷன் முடியும்வரை மட்டும்தான் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டேட்டா ஒட்டிக்கொண்டால்

மூடும்போது ஒர்க்ஸ்பேஸைச் சேமிக்கவா என்று ஆர் கேட்கும். ஆம் என்றால் நினைவில் உள்ள எல்லாப் பொருள்களும் ‘.ஆர்டேட்டா’வில் போகும், அடுத்த முறை தானாக வந்து உட்காரும். போன மாதம் ‘மழை’ என்று பெயரிட்ட அட்டவணை அப்படியே இருக்க, இன்று ஃபைலைப் படிக்கும் வரி பிழையாகிப் போனாலும் அடுத்த வரிகள் பழைய தரவை வைத்து ஓடிவிடும். விடை வரும், தவறான விடை. ஃபைல் இல்லை என்ற பிழையைவிட இது ஆபத்தானது.

ஆர்ஸ்டூடியோவில் டூல்ஸ், க்ளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல் பக்கத்துக்குப் போங்கள். தொடங்கும்போது ‘.ஆர்டேட்டா’வை மீட்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், மூடும்போது சேமிப்பது என்ற இடத்தில் நெவர் என்று வையுங்கள். இன்ஸ்டால் செய்ததும் முதலில் மாற்ற வேண்டிய செட்டிங் இது.

பேக்கேஜ்கள் போகும் இடம்

‘.லிப்பாத்ஸ்()’ தட்டினால் பேக்கேஜ் தேடும் ஃபோல்டர்கள் வரிசையாக வரும் (பெயரில் பி மட்டும் பெரிய எழுத்து). முதலில் வருவதில்தான் புது பேக்கேஜ் இறங்கும். லேப் கணினியில் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் எழுத அனுமதி இருக்காது. அப்போது பர்சனல் லைப்ரரி செய்யவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டி அதைத் தாண்டாதீர்கள். பேக்கேஜ்கள் இரண்டு இடத்தில் சிதறி, எது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் போகும்.

ஆர் 4.2.0 முதல் விண்டோஸில் இந்த லைப்ரரி டாக்குமெண்ட்ஸில் இல்லை. உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், ஆர், வின்-லைப்ரரி என்று உள்ளே போனால், பதிப்பு எண் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் ஹிடன் ஐட்டம்ஸை ஆன் செய்தால் தெரியும். 4.4.1-இலிருந்து 4.4.2-க்குப் போனால் அதே ஃபோல்டர்தான். 4.3-இலிருந்து 4.4-க்குப் போனால் புது ஃபோல்டர், அதனால் எல்லா பேக்கேஜும் காணாமல் போனதுபோல இருக்கும். பழைய ஃபோல்டரை நகலெடுத்து ஒட்டாமல் மறுபடி இறக்குங்கள்.

ஆர்ஸ்டூடியோவின் நிறம், எழுத்தளவு போன்றவை ஆருக்குச் சம்பந்தமில்லாதவை. அவை ஆப்டேட்டா, ரோமிங், ஆர்ஸ்டூடியோ ஃபோல்டரில் ‘ஆர்ஸ்டூடியோ-ப்ரெஃப்ஸ்.ஜேசான்’ என்ற ஃபைலில் இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் தோற்றம் புதிதாகத் தொடங்கும்.

செட்டிங்ஸ் மேல் சந்தேகம் வந்தால்

எதையும் படிக்காமல் ஆரைத் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள ஆர் ஷார்ட்கட்டை ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் கட்டத்தின் கடைசி மேற்கோளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடும் ‘வனிலா’ என்ற சொல்லும் சேருங்கள். இப்படித் திறந்தால் மேலே சொன்ன ஸ்டார்ட்அப் ஃபைல் எதையும் ஆர் தொடாது, மூடும்போது சேமிக்கவும் செய்யாது. இதில் நிரல் ஓடினால் கோளாறு உங்கள் செட்டிங்ஸில். ‘.ஆர்ப்ரொஃபைல்’ பெயரை மாற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள். இதிலும் ஓடவில்லையென்றால் ‘கெட்டபிள்யூடி()’ தட்டி நிற்கும் இடத்தைச் சரிபார்த்துவிட்டு, நிரலையோ தரவையோ பாருங்கள்.

அடுத்தவரிடம் உதவி கேட்கும்போது மொபைலில் திரையைப் படம் பிடித்து ‘எரர் வருது சார்’ என்று மட்டும் அனுப்பினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ‘கெட்டபிள்யூடி()’, ‘லிஸ்ட்.ஃபைல்ஸ்()’, ‘பாத்.எக்ஸ்பேண்ட்("~")’, ‘.லிப்பாத்ஸ்()’, ‘செஷன்இன்ஃபோ()’ ஐந்தையும் (கடைசியதில் இன்ஃபோவின் ஐ பெரிய எழுத்து) ஓட்டி, வந்த எழுத்துகளை நகலெடுத்து, பிழை வரியோடும் அதற்குக் காரணமான நிரல் வரியோடும் சேர்த்து அனுப்புங்கள். ‘.ஆர்என்விரான்’ ஃபைலை மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.